கால்நடையாகப் போன துப்பாக்கி

சென்னியப்பனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, பந்தல்காரர்கள் மூங்கிலை உருவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. செத்தவரின் போனை எடுப்பதா வேண்டாமா என்று அவர் மனைவி முத்தாத்தாளுக்குக் குழப்பம். அன்றைக்குப் பிடித்த குழப்பம், பத்து நாளாகியும் அவளை விடவில்லை.

“போலீஸ் ஸ்டேஷன்லேந்து ஜோபியாக்கும். சென்னியப்பன் மரிச்சுன்னு அறிஞ்சு. அந்தத் தோக்கைக் கொண்டுவந்து ஏல்ப்பிக்கணும், சேச்சி. ரெண்டு வாரம் டைம் உண்டு.”

ஊர் கேரள எல்லைக்குள் இருந்ததால் போலீஸ் பேச்சு மலையாளம்; தோக்கு என்றால் துப்பாக்கி. ஒற்றைக்குழல். பயிரைக் காப்பதற்கென்று மாமனார் லைசென்ஸ் எடுத்து வாங்கியது, பிறகு சென்னியப்பன் பெயருக்கு வந்தது. ஆள் போனதும் லைசென்ஸும் போய்விட்டது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று மனுக் கொடுத்தால் குடும்பத்தில் ஒருவர் பெயருக்குக் கிடைக்கலாம் என்றார்கள். அது தன் பெயருக்கே கிடைக்க வேண்டும் என்று முத்தாத்தாள் நினைத்தாள். மகன் பிரதீப் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவன். பன்றி வந்தால் படம் பிடிப்பான், அவ்வளவுதான். ஐந்து ஏக்கர் நிலக்கடலை காய் பிடித்து நிற்கிறது. ஒரு பன்றிக்கூட்டம் ஒரு தரம் இறங்கினால் கால் ஏக்கரை உழுது போட்டுவிட்டுப் போகும். துப்பாக்கி இல்லாத வீடு என்று பன்றிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது.

எட்டு வருஷமாகச் சென்னியப்பனுக்குக் கண் சரியில்லை. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. பத்தடிக்கு அப்பால் நிற்பது பன்றியா பாறையா என்று கேட்டால் அவர் யோசித்துத்தான் சொல்வார். அந்தச் சமயம் பார்த்துத்தான் பஞ்சாயத்தில், காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. கவுண்டருக்குக் கண் தெரியவில்லை என்று ஊர் பேசுவதை அவரால் தாங்க முடியாது. முதல் நாள் விடியற்காலையில், பாய்ந்து வந்த பன்றியை விட்டுவிட்டு அவர் வேப்பமரத்தைக் குறி பார்த்துக்கொண்டு நின்றார். முத்தாத்தாள் அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். பன்றி எட்டடி தூரத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மொபெட்டை அவள் ஓட்டுவாள். சட்டைப்பையில் லைசென்ஸோடு அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவள் சுடுவாள், அவர் பஞ்சாயத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பார்கள். டீக்கடையில் அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது காது, மூக்கு வைத்துச் சொல்வார். கடலை போட்ட ஓரிருவருக்கு விஷயம் தெரியும். கடலை பிழைத்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி உதைத்துக் கன்றிப்போன அவள் தோளில் சூடாக எண்ணெய் தேய்த்துவிட்டு, “உன்னையாட்டம் எங்கப்பனே சுட்டதில்லடி” என்பார். முத்தாத்தாளைப் பொறுத்தவரை சட்டம் அவ்வளவுதான். துப்பாக்கியும் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், விசையை எந்த விரல் இழுத்தால் என்ன?

இப்போது காகிதக்காரர் இல்லை.

போன் வந்த அன்று மாலையே பிரதீப் குறுக்கே விழுந்தான். “அம்மா, நீ அதத் தொடாத. லைசென்ஸ் இல்லாதவங்க வண்டியில துப்பாக்கி கொண்டுபோனா ஜாமீன்கூடக் கெடைக்காதாம். பாரு இந்த வீடியோவ, எங்கயோ ஜீப்புல வெச்சிருந்தவனைப் புடிச்சுட்டுப் போறாங்க.”

“அப்பறம் எப்படிக் கண்ணு கொண்டுபோறது? அவிங்கதான கொண்டாங்கறாங்க?”

“அவிங்க சொல்லுவாங்க. வழியில வேற போலீஸ் புடிச்சா? ஒரு கேஸ் உளுந்துதுன்னா உனக்கு லைசென்ஸ் இந்த ஜென்மத்துல இல்ல.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளுக்கு உறைத்தது. ஸ்டேஷனுக்குப் போன் செய்து, நீங்களே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். ஜீப் கல்பாத்தித் தேருக்குப் பந்தோபஸ்து போயிருக்கிறது, வந்தாலும் வேறு வேலை இருக்கிறது, நீங்களே கொண்டுவாருங்கள் என்றார் ஜோபி. அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதிக் கொடுப்பது தாலுகா ஆபீஸ் என்றார். தாலுகா ஆபீஸில், கொண்டுபோகும் பெர்மிட் லைசென்ஸ்காரருக்குத்தான், அவரை வரச்சொல்லுங்கள் என்றார்கள். செத்துப்போய்விட்டார் என்றாள். அப்படியானால் வாரிசு மனுக் கொடுக்க வேண்டும், மனுவோடு துப்பாக்கியை ஒப்படைத்த ஸ்டேஷன் ரசீதை வைக்க வேண்டும் என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

ஆன்லைனில் ஏதாவது வழி இருக்கும் என்று இ-சேவை செய்து தரும் அட்சயா சென்டருக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கிருத்திகா பாவம், அரைமணி நேரம் தட்டிப் பார்த்தாள். “அக்கா, மொதல்ல வண்டி நம்பர் கேக்குதுங்க. அதப் போட்டா லைசென்ஸ் நம்பர் கேக்குது. அதையும் போட்டா, லைசென்ஸ் உள்ளவர் நேர்ல வரோணும்னு வருதுங்க.”

“அவரு நேர்ல வந்தா நான் எதுக்குக் கண்ணு இங்க வாறேன்?” என்றாள் முத்தாத்தாள்.

போதாக்குறைக்குப் பாலம் வேறு. ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் பாலத்தை இடித்துப் போட்டிருந்ததால், அந்த வழியே போகும் மூங்கில்பதி பஸ் இரண்டு கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. முத்தாத்தாள் பிறந்த வீடு அந்தப் பக்கம், புகுந்த வீடு இந்தப் பக்கம். நாற்பது வருஷமாக எத்தனை தடவை தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் லைசென்ஸில் ‘கேரளத்துக்குள் மட்டும்’ என்று அச்சடித்திருந்தது. பஸ்ஸில் போனால் வண்டிக் குற்றம் ஒன்று, எல்லைக் குற்றம் ஒன்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

ஒன்பதாவது நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியில் கொண்டுபோனால்தானே வம்பு? நடந்தால்?

நடந்தால் மட்டும் சரியென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அதை அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை, சொல்லியிருந்தாலும் அவள் கேட்கிற நிலையில் இல்லை. வாய்க்கால் கரையோடு போனால் கேரளத்தைவிட்டு ஓரடி வெளியே வைக்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், ஒன்பது கிலோமீட்டர். அடுத்த குழப்பம், துப்பாக்கியை மறைப்பதா காட்டுவதா என்பது. மறைத்தால் கடத்தல்காரி, காட்டினால் கொள்ளைக்காரி. கடைசியில் குழலை அவருடைய வேட்டியில் சுற்றிக் கட்டையை மட்டும் வெளியே தெரியவிட்டாள். பாதி மறைத்தாயிற்று, பாதி காட்டியாயிற்று, எந்தச் சட்டம் வந்தாலும் பாதியாவது தப்பிக்கலாம். மிச்சமிருந்த ஏழு தோட்டாக்களைத் தனியாக ஒரு தூக்குப் போசியில் போட்டுக்கொண்டாள்.

காலை ஆறரைக்குக் கிளம்பினாள். வழியில் பால்வண்டிக்காரர் நிறுத்தி, ஏறுங்கக்கா என்றார். வேண்டாமுங்க, நடக்கச் சொல்லியிருக்கு டாக்டரு என்றாள். அடுத்து ஒரு மாட்டுவண்டி வந்தது. மாட்டுவண்டியும் வண்டிதானா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது.

பாதி தூரத்தில், அவள் சுடுவது தெரிந்த பிச்சைமணியின் கடலைக்காடு. அவர் கரையிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேலிக்கம்பியில் ஒரு பெரிய ஆண்பன்றி மாட்டிக்கொண்டு மண்ணைக் கிளறி உறுமிக்கொண்டிருந்தது. அவளையும் வேட்டி சுற்றிய குழலையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, சாமி கொண்டாந்து உட்ட மாரி வந்தீங்க! கம்பிய அத்துட்டு வந்துச்சுன்னா நம்மளையே கிழிச்சுப் போடுமுங்க. ஒரே ஒரு வெடி!”

முத்தாத்தாள் பன்றியைப் பார்த்தாள். இருபதடி. காதுக்குக் கீழே ஒரு தோட்டா போதும். கை தானாகப் போசியின் மூடிக்குப் போனது. இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷமாக அவர் நிற்கிற இடம் அது. அங்கே பார்த்தீனியச் செடிதான் நின்றது.

“அவரில்லீங்களே தம்பி,” என்றாள்.

பிச்சைமணிக்கு அது புரிந்ததோ என்னவோ. பஞ்சாயத்துக்குப் போன் போடுங்க என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். பின்னால் கம்பி முறுகுகிற சத்தம் வெகுதூரம் கேட்டது. சுடத் தெரிந்தவள் சுடாமல் போகிறாள், இது என்ன நியாயம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சுட்டிருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஜின்சன் இருந்தார். நாற்பது வயது, அவசரக்காரர், ஆனால் குரலை உயர்த்தாதவர். முத்தாத்தாள் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். எதில் வந்தீர்கள் என்று கேட்பார், நடந்து வந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்று வழியெல்லாம் பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். யாருமே கேட்கவில்லை.

ஜோபி தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து வேட்டியை உருவினார். “லோடு உண்டோ?” என்று கேட்டபடி துப்பாக்கியைத் தூக்கினார். குழல் அவருடைய கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. விசைக் காப்புக்குள் விரலை விட்டுக்கொண்டு, குழலைத் திறக்கிற நெம்பை எதிர்ப்பக்கம் தள்ளினார். திறக்கவில்லை. முழங்காலில் வைத்து அமுக்கினார்.

அதற்கு மேல் முத்தாத்தாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. துப்பாக்கியை வாங்கினாள். கட்டைவிரல் நெம்பைத் தள்ளியது, குழல் மடங்கியது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தாள், காலியென்று காட்டினாள், வாய் சுவரைப் பார்க்கும்படி மேஜையில் கிடத்தினாள். எல்லாம் மூன்று மூச்சு நேரம்.

ஜின்சன் மேஜையில் கிடந்த துப்பாக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்து, கடைசி ஒரு முழத்தில் காலை வாரிக்கொண்டோமே என்று நினைத்தாள்.

ஜின்சன் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மெதுவாகப் புரட்டினார். “சென்னியப்பன். முப்பத்தெட்டு பன்னி.” ஒரு தாளில் விரல் நின்றது. “இந்தக் கடைசி ஒண்ணு மார்ச் மாசம். அப்போ ஆள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில கண்ணு ஆபரேஷனுக்குக் கிடந்துதில்லே?”

முத்தாத்தாள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் அவர் தலையணைக்கடியில் இருந்த லைசென்ஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தாள், கையெழுத்தை அவர் திரும்பி வந்த பிறகு போட்டார். அதைச் சொன்னால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ஜின்சன் ஃபைலை மூடிவிட்டு ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “சேச்சி கேளு. லைசென்ஸ் இல்லாத ஆள் தோக்கு எடுத்தா கேஸ். எடுக்காத ஆளுக்கு அப்ளிகேஷன். இது சத்தியப்பிரஸ்தாவனை, அபிடவிட். ‘நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆயுதமும் கையால தொட்டதில்ல’ன்னு எழுதியிருக்கு. ஒப்பு போட்டா ரசீது தர்றேன். அப்புறம் சுடறதுக்கு டிரெயினிங் போகணும், சர்ட்டிபிகேட் வாங்கணும்.”

“இப்பத்தானுங்க சார் உங்க முன்னால தொட்டேன்?”

“நான் ஒண்ணும் கண்டில்ல. ஜோபி, நீ கண்டோ?”

“இல்ல, சார்,” என்றார் ஜோபி.

“அப்ப அந்த முப்பத்தெட்டும்?”

“சென்னியப்பன். ஒவ்வொண்ணுக்கும் அவரு ஒப்பு இருக்கு.”

நல்லது செய்கிறார் என்று முத்தாத்தாளுக்குப் புரிந்தது. ஆனாலும் பேனா எழவில்லை. முப்பத்தெட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்தக் காட்டில், எந்தப் பக்கமிருந்து, எத்தனை அடியில் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காராதவள். பத்துப் பேரைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே காரியம் இதுதான். இதையும் தான் செய்யவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி செய்ய முடியும். இதில் லாபம் எது, நஷ்டம் எது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடலைக்காட்டை நினைத்துக்கொண்டு, ‘செ. முத்தாத்தாள்’ என்று எழுத்துக் கூட்டி எழுதினாள்.

எழுதி முடித்ததும் அழுகை வந்தது. காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. அவருக்காக அழுகிறோமா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜோபி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, வருத்தப்படாதே என்று தேற்றினார். “விஷமிக்கண்டா சேச்சி. நல்ல மனுஷன். பின்னே எந்தா ஒரு குறி அவருக்கு!”

அவர் வேண்டுமென்றே சொல்கிறாரா, நிஜமாகவே நம்பிச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள். “ஒண்ணுகூடத் தப்புனதில்லீங்க.”