வாசல் கொடியில் பச்சைக் கரை

நேற்றே போட்டு மறந்துபோன துணிகள். வாஷிங் மெஷின் மூடியைத் திறந்ததும் மக்கிய வாடை முகத்தில் அடித்தது. அந்தக் காலத்தில் குன்னம் கிராமத்து வீட்டில் அப்பா ஓயாமல் சண்டை போட்டது இந்த வாடைக்காகத்தான்.

நாறியவை, அம்மாவும் நானும் மாதவிலக்குக்கு வைத்துக்கொண்ட துணிகள். ஆண்கள் கண்ணில் படக் கூடாதென்று சோளக் குதிருக்குப் பின்னால் இருட்டில் காயப்போடுவோம். அது அப்பாவுக்குத் தெரியாது.

ஒருநாள், "துணி தொவைக்கத் துப்பில்லாத பொம்பள" என்று தெருவே கேட்க அம்மாவைத் திட்டிவிட்டு வெங்காயக் காட்டுக்குப் போனார். திரும்பியபோது அத்தனை துணியையும் அம்மா வாசல் கொடியில் காயப்போட்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"என்னடி இது?"

"நாறுதுன்னீங்களே. வெயில்ல போட்டேன்."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு துணியை உருவப் போன கை பாதியில் நின்றது. அதில் பச்சைக் கரை.

"இது என் வேட்டியில்ல?"

"ஆமா. கிழிஞ்சதும் எனக்குன்னு எடுத்து வெச்சது."

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் வாடை என்று வாய் திறக்கவில்லை.

இன்று மெஷினில் மறுபடி அலசிய துணிகளை மாடிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உள்ளாடைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என் கை தானாகவே எல்லாவற்றையும் போர்வைக்கு அடியில் போட்டிருந்தது.