ஹம்மிங் வரைக்கும்

மந்தைவெளியில் ‘சிடி அக்கா’ எங்கே என்று கேட்டால் இளநீர்க்காரர்கூட வழி சொல்வார். ஜெயபாரதி எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஊர் ஒருத்திக்குப் பெயர் வைக்கும்போது அவளைக் கேட்டுக்கொண்டா வைக்கிறது?

ஜெயபாரதிக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பகலில் மெஹபூப் அலியின் டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகள் அடிப்பாள். மாலையானால் தி. நகர் மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு பாடுவாள். வரவேற்பில் பாடுவது என்ன பிழைப்பு என்பது பாடியவர்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள் முதுகைத்தான் காட்டுவார்கள். பந்தி ஆரம்பித்துவிட்டால் எதிரே வெறும் நாற்காலிகள். கைதட்டல் என்கிற பேச்சே கிடையாது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது ஒரு சித்தப்பா மட்டும் வேர்க்க விறுவிறுக்க மேடைக்கு வருவார். வருடக்கணக்காக இப்படிப் பாடித் தேய்ந்தவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. விஷயம் தெரிந்த யாராவது ஒருவர், வேறு வேலை எதுவும் பார்க்காமல், அவளுடைய ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஒருவர் ஸ்ரீரங்கன்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். ஸ்ரீரங்கன் ஆழ்வார்பேட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். சோப்பு, பல்பொடி விளம்பரங்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் இசையமைப்பவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கடைக்கு வந்தபோது, எழுத்துப்பிழை பார்த்து முடித்த கையோடு ஜெயபாரதி கேட்டுவிட்டாள்.

“சார், நான் பாடுவேன். கேசட் குடுத்தா கேப்பீங்களா?”

“கேசட்டா? அதையெல்லாம் தொடறதே இல்லம்மா. ஸ்டுடியோல எல்லார் குரலும் நன்னாத்தான் இருக்கும். என் கார்ல போட்டாத்தான் வண்டவாளம் தெரியும். அதுல சிடி மட்டும்தான். டிஸ்க்குல போட்டுக் குடு, கொட்டிவாக்கம் ஆத்துலேர்ந்து வரச்சே கேட்டுண்டே வந்துடறேன்.”

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். மெஹபூப் அலி அப்போதுதான் சிடியில் எழுதும் கருவி ஒன்றை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்து கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். ஜெயபாரதி தன் பாட்டை அதில் ஏற்றினாள். குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவளுக்கென்றே மெட்டமைத்த பாட்டு, மழையைப் பற்றியது. நீண்ட ஹம்மிங்கில் தொடங்கும். சொற்கள் அதற்குப் பிறகுதான் வரும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடையை விட்டுப் போகும் பத்திரிகைக் கட்டு ஒவ்வொன்றிலும் மேல் பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவித் தருவது அவள் வழக்கம். நல்ல காரியத்துக்குப் போவதை மொட்டையாக அனுப்ப மனம் வரவில்லை. வட்டத்துக்கு மூலை ஏது? நடுத்துளையைச் சுற்றி நாலு இடத்தில் குழைத்த மஞ்சளை வைத்தாள். கம்பெனிப் பெயர் அச்சடித்த பக்கத்திலாவது வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. பாட்டு இருக்கிற பக்கம் பளபளப்பான பக்கம்தானே என்று அங்கேதான் வைத்து, ஸ்ரீரங்கனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் ஸ்ரீரங்கனின் டிரைவர் சின்னப்பையன் கடைக்கு ஓடிவந்தான். ஊரூர் குப்பத்துக்காரன், பயத்தில் இருந்தாலும் வாய் அடங்காது.

“இன்னாக்கா, ப்ளேயருக்கு மஞ்ச தண்ணி ஊத்துனியா? உள்ள போனது வெளிய வரவே மாட்டேன்னுச்சு. நோண்டி எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துச்சு. சாரு என்ன புடிச்சி கத்துறாரு.”

பிளேயர் பாட்டைப் படிக்க ஆரம்பிப்பதே துளைக்குப் பக்கத்திலிருந்துதான் என்று மெஹபூப் அலி சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்துச் சின்னப்பையனுக்கு மனசு இளகிவிட்டது.

“அழுவாத. அடுத்தது நேரா அவராண்ட குடுக்காத. மொதல்ல எங்கைல குடு, போட்டுப் பாத்துட்டு சொல்றேன்.”

மஞ்சள் இல்லாத சிடியும் ஓடவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் கணீரென்று பாடியது, காருக்குள் போனால் வாய் திறக்காது. கம்பெனியிலிருந்து வரும் சிடிக்களை மட்டுமே பார்த்து வளர்ந்த பிளேயர் அது. வீட்டில் எழுதியதைச் சிடி என்றே மதிக்கவில்லை.

“அவரு ப்ளேயரு பழசு, நம்ம மிஷின் புச்சு. ஒத்துப்போவாது, வுட்டுடும்மா,” என்றார் மெஹபூப் அலி.

“அது எப்டி பாய் வுடுறது?” என்றாள் ஜெயபாரதி.

சாப்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கன் ஸ்டுடியோவில் கண்ணயரும் நேரத்தில் சின்னப்பையன் காரைக் கடைத் தெருவுக்கு ஓட்டிவந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவான். ஜெயபாரதி புது சிடியோடு ஓடுவாள். வேகமாக எழுதியது பாட்டின் நடுவே தாவித் தாவிப் போனது. எழுதியபின், இனி எதுவும் சேர்க்க முடியாதபடி முடித்து மூடாமல் விட்டதைப் பிளேயர் கண்டுகொள்ளவே இல்லை. அடிப்பக்கம் நீலமாக இருந்தது விக்கி விக்கி நின்றது. கெட்டுப்போனவற்றின் மேல் மெஹபூப் அலி டீ கிளாஸ் வைத்துக்கொண்டார். கடைசியில், தங்க நிறத்தில் மினுங்கும் சிடியை வாங்கி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதி, ஒழுங்காக மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

காருக்குள் ஹம்மிங் எழுந்தது.

சின்னப்பையன் கண்ணாடிகளை ஏற்றினான். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தான். பீடிகூடப் பற்ற வைக்கவில்லை.

“யக்கா, நீயா பாடுன இத்த?” என்றான். “படா ஷோக்கா கீதுக்கா.”

அவள் ஆசைப்பட்டது அந்த நேரத்தில் கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. ஒரு மனிதன் வேறு வேலை பார்க்காமல் அவள் பாட்டை முழுசாகக் கேட்டான். ஆனால் டிரைவர் கேட்டதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வலிக்கும்படி எத்தனையோ பேர் அவளை ஒதுக்கியிருக்கிறார்கள்; அவளுக்கும் ஒதுக்கத் தெரிந்திருந்தது.

சின்னப்பையன் அந்தச் சிடியை முதலாளியிடம் சேர்த்தான். அந்த வாரமே ஸ்ரீரங்கன் கடைக்கு வந்தார். “பிரமாதம்மா!” என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயபாரதி எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“அமெரிக்காலேர்ந்து என் பையன் எழுதி அனுப்பிச்ச சிடி ஒண்ணுகூட என் கார்ல ஓடலை. உன்னோடது போட்ட உடனே ஓடறது! யார் பண்ணிக் குடுத்தா?”

“நான்தான் சார்.”

“நீயேவா? பேஷ்!” கையிலிருந்த பையை மேஜைமேல் கவிழ்த்தார். சிடிக்கள் சரிந்து விழுந்தன. “இதையெல்லாம் அதே மாதிரி எழுதிக் குடுத்துடு.”

“சார்... பாட்டு?”

“பாட்டா? கேட்டேனே. ஆரம்பம் நன்னா இருந்தது. மிச்சத்த நிதானமா கேக்கறேன். ஓடறதே, அதுவே பெரிய விஷயம் இல்லையா?”

அவர் சும்மா இருக்கவில்லை, நண்பர்களிடமெல்லாம் சொன்னார். ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று பழைய கார் வைத்திருந்த டாக்டர்களும் வக்கீல்களும் பையும் கையுமாக வந்தார்கள். ‘பழைய கார் பிளேயரிலும் ஓடும்’ என்று மெஹபூப் அலி போர்டு மாட்டினார். மெதுவாக எழுதினால் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். சரியாக ஏறுகிறதா என்று பார்க்க, யார் யாரோ பாடியதையெல்லாம் ஜெயபாரதி கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். சுருதி விலகும் இடங்கள் அவளுக்குத் தெரிந்தன. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாலைகளும் கடையிலேயே போயின. குழுவில் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் ஒருநாள் சின்னப்பையன் முதலாளியின் சிடிக்களை வாங்க வந்து நின்றான். அதுவரை கேட்கப் பயந்து வைத்திருந்ததை அன்று கேட்டாள்.

“என் பாட்டு இன்னா ஆச்சு? தூக்கிப் போட்டுட்டாரா?”

“சேச்சே! வண்டிலயேதான் கீது. அடிக்கடி போடுவாரே.”

“அடிக்கடியா?” அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. தலை குனிந்துகொண்டான்.

“இல்லக்கா... எவனாச்சும் குடுத்த சிடி ஓடலன்னா, ப்ளேயரு கெட்டுப்போச்சான்னு பாக்க உன்னுத போடுவாரு. நீ மொதல்ல ம்ம்னு இழுப்பியே, அது வந்துச்சின்னா ‘ப்ளேயர் சரியாத்தான் இருக்கு’ன்னு எடுத்துடுவாரு.”

“வார்த்த வர்ற வரைக்கும்கூட வுடமாட்டாரா?”

“இல்லக்கா.”

கருவி எழுதி முடித்து வாயைத் திறந்தது. ஜெயபாரதி சிடியை எடுத்தாள், பளபளப்பான பக்கத்தில் விரல் படாமல் உறையில் போட்டாள், அவனிடம் நீட்டினாள்.

“இது ஓடும்னு சொல்லு,” என்றாள். “ஓடலன்னா என்னுத போட்டுப் பாக்கச் சொல்லு.”