மைனி எழுதிய எண்

கடலில் ஓர் இடத்தைக் குறிக்க எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் டிகிரி, பிறகு மினிட் எழுதுவார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே மாதிரி புள்ளி வைப்பார்கள். 7.51.3 என்றால் ஏழு டிகிரி, ஐம்பத்தொன்றே சொச்சம் மினிட். அறுபது மினிட் சேர்ந்தால்தான் ஒரு டிகிரி. அண்ணனின் நோட்டில் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே இதையெல்லாம் பார்த்தவள் நான். பிறகு படித்து, கோட்டாறு பக்கம் ஒரு கல்லூரியில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்தப் போய்விட்டேன்.

அந்த வருடம் அண்ணனும், அவன் பெண்டாட்டியான என் மைனியின் தம்பியும் போன வள்ளத்தின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டது. தம்பிக்குக் கையில் பலத்த வெட்டு. வயர்லெஸ்ஸில் அதைக் கேட்ட ஒருவர், மறுநாள் காலை கரைக்குப் பக்கத்தில் வந்ததும் மைனிக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னார். மைனி ஒரு துண்டுத்தாளில் 7.51.3 என்று எழுதி என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வயர்லெஸ்ஸில் பதில் இல்லை.

சொன்னது முந்தின நாள் சாயந்தரத்து இடம். காற்றும் நீரோட்டமும் வள்ளத்தை இதற்குள் எங்கே கொண்டு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். படித்த திமிர், வேறென்ன.

புரோகிராம் எழுதி எண்ணை அடித்தேன். டைப் எரர் வந்தது. நீ கொடுத்தது வெறும் எழுத்து, கணக்குப் போட எனக்கு எண் வேண்டும் என்றது. ஃப்ளோட் போட்டு எண்ணாக மாற்றப் பார்த்தேன். இரண்டு புள்ளி இருக்கிறது, இது எண்ணே இல்லை என்று மறுபடி நின்றது. பிழை வந்தால் பதறாமல் வாசியுங்கள் என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள், இரண்டாவது புள்ளியை அழித்தேன். 7.513. சிவப்பில் வந்த பிழை போய்விட்டது. விடையும் வந்தது.

தேடப் போகிறவர்களில் மூத்தவர் விடையைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு தெக்கயா போயிருப்பான்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் கணக்கு என்றேன். அதை நம்பி அந்த இடத்துக்கே கிளம்பினார். மூன்று வள்ளங்கள் போய் அன்று முழுவதும் வெறுங்கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பின. மறுநாள் அவர் தன் மனக்கணக்கில் போனார். நான் சொன்ன இடத்துக்கு இருபது மைல் வடக்கே வள்ளம் கிடந்தது.

அண்ணன் உயிரோடு இருந்தான். தம்பி இல்லை. "நேத்து மத்தியானம் வர எங்கிட்ட பேசிட்டுதான் கெடந்தான்," என்றான் அண்ணன்.

அடக்கம் முடிந்த அன்றே என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. மைனி எழுதியது எட்டு டிகிரிக்குப் பக்கம், புள்ளியை அழித்ததும் அது ஏழரை டிகிரி ஆகியிருந்தது. சொல்லவில்லை, பயம். மைனியோ தான் எழுதியதுதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டாள். அதன்பின் பேனாவைத் தொடவில்லை. கடைக்கு நாலு சாமான் எழுதவும் பக்கத்து வீட்டில் போய் நின்றாள். நாலு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன்.

"நீங்க எழுதினது சரிதான் மைனி. நான்தான் ஒரு புள்ளிய அழிச்சேன்."

அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. இரண்டு தடவை விளக்கினேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"நாலு மாசமா அவன் படத்துக்கு முன்னால என்னால நிக்க முடியல," என்றாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாமே மக்கா."

எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. தம்பி செத்த பிறகு அவனுக்காக அவள் முதல் தடவையாக அழுதது அன்றுதான்.