தனியாக வந்தவளுக்கு ஓர் இலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊர்களிலும் தனியாக வரும் பெண்ணுக்கு ஓட்டல்காரர்கள் இலை போடுவதில்லை. ஏன் என்றால், உன் நல்லதுக்குத்தான் என்பார்கள். மூன்று மத்தியானம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எழுபத்திரண்டு ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். மயிரிழைக் கம்பியைச் சுற்ற எங்கள் விரல்தான் தோதாம். மூன்று நாள் கைவேலைத் தேர்வு, காலை எட்டு முதல் பன்னிரண்டரை வரை. தங்கியது ஆவடியில் ஒரு பெண்கள் விடுதி. நாளுக்கு இரண்டு ரூபாய், காலையில் கஞ்சி, இரவில் சோறு. மத்தியானம் அவரவர் பாடு. கம்பெனி கான்டீன் வேலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்.

முதல் நாள் தேர்வு முடிந்து கால் மைல் நடந்ததும் ஒரு ஓட்டல். சாப்பாடு ஒன்றேகால் ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே சன்னலோரம் ஒரு ஆள், மடித்த பேப்பரைத் தம்ளரில் சாய்த்துப் படித்தபடி, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவர் கேட்காமலே ஊற்றினார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு பேருக்குப் பரிமாறிவிட்டு, அடியில் தங்கிய மண்டியை ஊற்றிக்கொள்பவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று வாசலிலேயே தோன்றிவிட்டது.

கல்லாவில் இருந்தவர், "யாரு கூட வந்துகீறே?" என்றார்.

"தனியாத்தான்."

"ஃபேமிலி ரூம் ஃபேமிலிக்குத்தாம்மா."

"ஹால்லயே உக்காந்துக்கிடுதேன்."

"ஹால்லயா? இன்னாம்மா நீ, ஆம்பளைங்க சாப்ட்டுகினு கீறாங்க. பார்சல் வாங்கிகினு போ. தூக்கு கொணாந்திருந்தா ரசம்கூட ஊத்தித் தந்திருப்பேன்."

திரை போட்ட ஃபேமிலி ரூம் காலியாகத்தான் கிடந்தது. எண்பது பைசாவுக்குத் தயிர்சாதம் வாங்கி, அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் தண்டவாளத்தைப் பார்த்தபடி தின்றேன். ரயில் வந்து நின்றது. எல்லாச் சன்னலிலும் தலைகள். விரலை நக்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் பசியோடு ரயிலேறி ஆவடியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டல், சாப்பாடு ஒன்று நாற்பது. முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் ஒரு புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இவங்களோட சேந்துகினு உள்ள போம்மா" என்றார்.

"வா தங்கச்சி, இன்னா இப்ப!" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். புருஷன் காக்கி உடுப்பில் இருந்தார். பச்சைத் திரைக்குப் பின்னால் மூன்று இலை விழுந்தது. முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், சுட்ட அப்பளம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஆவடி சாம்பாரை நம்பலாம். நான் மெதுவாகத்தான் சாப்பிட்டேன். ரசத்துக்குக் குழி பறித்தும் வைத்தேன்.

புருஷன் சட்டென்று இலையை மடித்து எழுந்தார். அக்காவும் மடித்தாள். அவள் இலையில் பாதிச் சோறு இருந்தது. ரச வாளியோடு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"அக்கா, ரசம் வந்துச்சே."

"அவரு எழுந்துட்டாரு, பாக்கல? நீயும் எழுந்துரு."

கை கழுவும் இடத்தில் என் காதருகே வந்தாள். "கண்ணாலமாயி ஒம்போது வருசம் ஆவுது. ஓட்டல்ல ஒரு நாள்கூட மோர் வரைக்கும் போனதில்ல நானு." பெரிய ஜோக் சொன்னதுபோல் சிரித்தாள்.

"ஒரு தடவ உக்காந்துதான் பாக்கிறது?"

"உக்காந்தா அவரு சைக்கிள எடுத்துகினு ஊட்டுக்குப் பூடுவாரு. அப்பால நானும் உன்னாட்டம் தனியா வந்தவதான்."

மூன்றாம் நாள் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொன்னார்கள். என்னோடு இன்னும் பதினோரு பெண்கள். சந்தோஷப்படுவதற்கு முன்பே எனக்கு மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. இனி ஞாயிறுதோறும் அது வருமே.

வேலைக்குச் சேர்ந்தபின் கான்டீன் உண்டு. தேர்வுக்கு வருகிறவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மூடி இறுக்கமான தூக்கு ஒன்றும், கை துடைக்கத் துண்டும் கொண்டு வாருங்கள். தொழிற்பேட்டை ஓட்டலில் பன்னிரண்டே முக்காலுக்குமேல் பொரியல் மிஞ்சாது. தெரிந்த ஆண் யாரையாவது கூட்டி வாருங்கள் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். அவன் எழுந்தால் நீங்களும் எழ வேண்டியிருக்கும்.

ஊருக்கு ரயில் எழும்பூரில் சாயங்காலம். விடுதியில் பையை எடுத்துக்கொண்டு, பூந்தமல்லி போய் பஸ் மாறலாம் என்று ஆவடியிலிருந்து அரைமணி பஸ்ஸில் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நீள ஹாலும் நாலு மின்விசிறியுமாக ஒரு ஓட்டல். யாரையும் கேட்கவில்லை. நேரே போய் நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். பேச்சுச் சத்தம் குறைந்தது.

தோளில் துண்டோடு முதலாளியே வந்தார். "நல்ல ஊட்டுப் பொண்ணா கீறே. எதுக்கும்மா இந்த வம்பு?"

"சாப்பாடு ஒண்ணு."

பக்கத்து மேசைக்காரர் வாயில் சோற்றோடு, "போட்டுத்தான் தொலையேன் நைனா, பசியில உன்னையே கடிச்சுடப் போவுது" என்றார். ஹாலே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். இலை வரவில்லை.

"அடுத்த மாசத்துலருந்து நாங்க பன்னிரண்டு பேரு இந்தப் பக்கம் வேலைக்கு வாறோம்" என்றேன். "இலை போடுங்க. இல்லன்னா நாங்க எங்க உக்காந்து சாப்பிடணும்னு சொல்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார்: "உங்களுக்கு மோரா, தயிரா?"