மாரிக்குச் சேர வேண்டிய உருண்டை

சென்னப்பன் கெம்பையனுக்கு முப்பது ரூபாய் தர வேண்டியிருந்தது, ஒரு நாய்க்காக. அதற்கு முன்னால் அவன் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவனில்லை. கௌதள்ளியிலிருந்து கட்டிய வேட்டியோடு மைசூருக்கு நடந்து வந்து, பிறத்தியார் விறகைத் தலையில் சுமந்து, பிறகு நஞ்சன்கூடு சாலையில் சொந்தமாக விறகு டெப்போ போட்டவன். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லைதான். ஆனாலும் தசராவுக்கு ஊரில் எரிந்த அடுப்புகளில் பாதி அவன் விறகில்தான் எரிந்தன. வேண்டுமானால் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

டெப்போவுக்குக் காவல் மூன்று நாய்கள். மாரி என்ற அல்சேஷன் பெட்டை, அவள் ஈன்ற செவலை, கரியன். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். வேலிகூட இல்லாத முதல் வருஷத்தில் குட்டியாக வந்து, விறகு அடுக்கின் மேல் படுத்துக் காத்தவள் மாரி. பொழுது சாய்ந்ததும் சென்னப்பன் ராகிக் களியை உருட்டித் தன் கையாலேயே வைப்பான். முதல் உருண்டை மாரிக்கு. அவள் வாய் வைத்த பிறகுதான் மற்ற இரண்டும் தலையைக் குனியும். அந்த முறை இருந்த வரைக்கும் டெப்போவில் ஒரு நாய்ச்சண்டை கிடையாது.

கெம்பையன் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொண்டவன். துரை சீமைக்குக் கப்பலேறும்போது தம்முடைய கிரேட் டேன் நாயை அவனிடமே விட்டுப் போனார். சுல்தான் என்று பெயர். நின்றால் ஆள் இடுப்புக்கு வரும். அதன் வயிற்றை நிரப்பினால் கெம்பையன் பிள்ளைகள் வயிறு காயும். அதனால் சென்னப்பனிடம் ஓட்டிக்கொண்டு வந்தான்.

சென்னப்பன் மனைவி மல்லம்மா கையில் முறத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இருக்கற மூணு பத்தாதுங்களா? இது நாயா, குதிரையா?"

"குதிரைன்னே வெச்சுக்க. இந்த ரோட்டுல எவங்கிட்ட இருக்குது இப்பிடி ஒண்ணு?"

"அப்ப சேணத்தையும் சேத்து வாங்கிப்போடுங்க. சந்தைக்கு ஏறிட்டுப் போயிட்டு வரலாம்."

கெம்பையன் சிரித்தபடி விலை சொன்னான். கையிருப்பெல்லாம் காட்டு விறகை ஏலத்தில் எடுத்ததில் போயிருந்தது. தசரா கழித்துத் தருவதாகச் சென்னப்பன் வாக்குக் கொடுத்தான்.

"ஆகட்டும் யஜமானரே. ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேளுங்க. இவன் பங்களாவுல தனித் தட்டுல தின்னவன். கூட்டத்தோட தின்னு பழக்கமில்லை. ஸ்வல்ப நாள் தள்ளிக் கட்டி, தனியாப் போடுங்க. உங்க பெரியவ மாரி ஒத்துக்கிட்ட பின்னால சேருங்க."

"நாய் வளக்கறதுக்கு எனக்கே பாடமா கெம்பையா? போய் வேலையப் பாரு."

சொந்தக் கையை ஊன்றி மேலே வந்த சென்னப்பனுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னிடம் வந்து சேர்ந்ததை நாலு பேர் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும். இரண்டொரு நாளில் ஜட்காக்காரர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் சாயங்காலம் வேலியோரம் கூடிவிட்டார்கள். அதில் ஒரு ஜட்காக்காரன் சீண்டினான்.

"என்ன சென்னப்பா, கட்டிப் போட்டே காட்டறே? அவுத்து விட்டா உன் கிழவி மாரி மெரட்டிப்போடுவாளோ?"

அவ்வளவுதான். சங்கிலியை அவிழ்த்தான். மாரி வழக்கமாக உட்காரும் இடத்துக்குச் சுல்தானை இழுத்து வந்து நிறுத்தினான். "தொரை வீட்டுப் பிள்ளை, மொதல்ல தின்னட்டும்" என்று முதல் உருண்டையை அதற்கு வைத்தான். கூட்டம் கைதட்டியது.

மாரி சென்னப்பன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிதானமாக எழுந்து தன் உருண்டைக்குப் போனாள். பறிக்கப் போனாள் என்று ஊர் சொன்னது. பத்து வருஷமாகத் தன்னுடையதாக இருந்ததை எடுக்கப் போனவளைப் பறித்தாள் என்பது என்ன நியாயம்? சுல்தானுக்கும் அதெல்லாம் தெரியாது. தன் தட்டில் வாய் வைக்க வந்தவளின் கழுத்தை அது கவ்வியது. செவலையும் கரியனும் பாய்ந்தன. கைதட்டியவர்கள் ஓடினார்கள். சென்னப்பன் மூங்கிலால் அடித்தும் விலகவில்லை. மல்லம்மா குடத்துத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் விலகின.

மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். மாட்டு வைத்தியரை அழைத்து வந்தார்கள். களியைக் கரைத்து, மற்றவற்றுக்கு முன்னால் மாரிக்குத்தான் ஊட்டினான் சென்னப்பன். தொண்டையில் இறங்கவில்லை. அந்த வாரமே செத்தாள். குழியை அவனே தோண்டினான். கூலியாட்களை மண்வெட்டியைத் தொட விடவில்லை.

தசரா முடிந்து கெம்பையன் வந்தான். கடைத்தெருவில் சேதி தெரிந்திருக்க வேண்டும். படலைத் தாண்டி உள்ளே வரவில்லை. விறகு அடுக்கின் கோடியில் தனியாகக் கட்டியிருந்த சுல்தான் அவனைக் கண்டு வாலை ஆட்டியது.

"பாதி குடுங்க யஜமானரே, போதும். வேண்டாம்னா இவனை ஓட்டிட்டுப் போயிடறேன்."

"பாதி எதுக்கு?" என்று மல்லம்மா குறுக்கே வந்தாள். "எங்க மாரியக் கொன்ன நாய்க்கு நாங்க காசு வேற குடுக்கோணுமா?"

ஓரணாவுக்கு ஒரு பொழுதெல்லாம் பேரம் பேசுகிறவன் சென்னப்பன். அன்றைக்குப் பணத்தைக் குறைக்க நல்ல சாக்கு வாசலிலேயே வந்து நின்றது. ஆனாலும் அவன் இடுப்புப் பையை அவிழ்த்தான்.

"நாய் மேல குத்தமில்ல மல்லி. தனியாப் போடுன்னு இவன் சொன்னான், நாங் கேக்கல. அவளை நாந்தான் கொன்னேன்." விறகு அடுக்கின் கோடியைக் காட்டினான். "சுல்தான் இங்கயே கெடக்கட்டும் கெம்பையா. தனித்தட்டு போட்டாச்சு. இப்பக் கையை நீட்டு."

கெம்பையன் தயங்கி நீட்டினான். மல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, விரித்த அந்த உள்ளங்கையில் முப்பது ரூபாயையும் எண்ணி வைத்தான் சென்னப்பன்.