டேங்கின் கழுத்தில் எழுதியது

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் எல்லோரும் டேங்க் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டைமாடித் தண்ணீர் டேங்குக்குள் இறங்கிக் கழுவுவது இருபத்திரண்டு வருஷமாக அவர் தொழில். வாய் திறக்காத மனுஷன். பத்துக் கேள்வி கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று ஒரு பதில் வரும். மீதி ஒன்பதையும் சேர்த்து நான் பேசிவிடுவேன், அதனால் குடும்பத்துக்கு நஷ்டமில்லை.

அவர்மேல் எனக்கு ஒரே ஒரு தீராத குறை. ஊர் டேங்கையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர், எங்கள் வீட்டு டேங்க் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ‘உள்ள பாசி பிடிச்சுக் காடா கிடக்கும்’ என்று வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்பார். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கழுவி முடித்ததும் பெயிண்ட் பேனாவால் டேங்கின் கழுத்துக்கு உள்பக்கம், தண்ணீர் ஏறாத இடத்தில், குனிந்து எதையோ எழுதிவிட்டு வருவார். நோட்டுப் புத்தகம் வைத்துப் பார்த்தார், எல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. தேதி எழுதுகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

புயல் வரப்போகிறது என்று அறிவித்ததும் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போய், டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பி வையுங்கள், நிறைந்த டேங்கைக் காற்றால் அசைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பேசியதில் அவருக்கு மூன்று வருஷப் பேச்சு தீர்ந்திருக்கும். கேட்டவர்கள் நிரப்பினார்கள், கேட்காதவர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மழை பிடித்தால் துணி காயாதே என்று போர்வை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுத் துவைத்தேன். டேங்க் காலியானதும் மோட்டாரைப் போடப் போனேன், கரண்டை நிறுத்திவிட்டார்கள். புயலை வரவேற்கத் துணி துவைத்த ஒரே பெண்பிள்ளை நான்தான். இதை அவரிடம் சொல்லவில்லை.

காற்று ஒரு பக்கமிருந்து நாலு மணி நேரம் அடித்தது. நடுவில் ஒரு அரை மணி இலைகூட ஆடவில்லை. அப்புறம் மறுபக்கமிருந்து திரும்பி வந்து, விட்டதையெல்லாம் பிடுங்கியது. மாடியில் டமால் என்று ஒரு சத்தம் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் டேங்க் போய்விட்டது.

மறுநாள் கதவைத் திறந்தால் எனக்குத் தெருவே அடையாளம் தெரியவில்லை. வேப்பமரம் வேரோடு சாய்ந்து மருந்துக்கடை வாசலை அடைத்திருந்தது. நின்ற மரங்களில் ஒரு இலை இல்லை, அத்தனையும் பொடிப்பொடியாகிச் சுவர்களில் பச்சையாக ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடச் சுவர்மேல், இதுவரை நாங்கள் பார்த்தே இராத கடல் பறவைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஆள் சேதம் இல்லை, அந்த மட்டுக்கும் நாங்கள் பிழைத்தோம். ஆனால் கடல் ஏறி வந்துபோனதில் தெருவிலிருந்த கிணறு அத்தனையும் உப்பு. வாயில் வைக்க முடியவில்லை.

தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும் என்றார்கள். டேங்க் இருக்கிற வீட்டுக்கு டேங்க் நிறைய ஊற்றுவார்கள், இல்லாத வீட்டுக்கு இரண்டு குடம். முதல் லாரி மறுநாள் காலையில். நாலு பிள்ளைகளோடு ஆறு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் என்ன செய்வது?

நல்லவேளை, பறந்த டேங்குகளெல்லாம் பள்ளிக்கூட மைதானத்து வேலியில் வந்து குவிந்திருந்தன. மொத்தம் பதினேழு. எல்லாம் ஒரே கறுப்பு. உடையாமல் இருந்தவற்றை எல்லோரும் ‘இது எங்களுது’ என்றார்கள், விரிசல் விட்டதற்கு நாதியில்லை. கைகலப்பு ஆகிவிடும் போலிருந்தது. அப்போதுதான் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, டேங்க் அண்ணனைக் கூப்பிடுங்கள், அவருக்குத் தெரியும் என்றார்.

இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் டேங்குக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்து, “டீச்சரம்மா வீடு” என்றார். அவ்வளவுதான். எப்படித் தெரியும் என்று மருந்துக்கடைக்காரர் டார்ச்சைப் பிடுங்கித் தன் தலையை உள்ளே விட்டார். ஐயோ, விட்டிருக்கக் கூடாது. உள்ளேயிருந்தே உரக்கப் படித்தார்: ‘டீச்சரம்மா வீடு. சித்திரையில் கழுவியது. டீ வெந்நீர் மாதிரி இருக்கும்.’

டீச்சரம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த டேங்க் அவருடையதே. டீச்சரம்மா விடுவாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார்: ‘மருந்துக்கடை. ஏணியைப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விடுவார். நம்பி ஏறக் கூடாது.’

அப்புறம் கேட்க வேண்டுமா! ஒவ்வொரு டேங்குக்கும் கூட்டம் கூடி, படி படி என்று கத்தியது. ‘நாய் கட்டியிருப்பதாகச் சொல்வார்கள். கட்டியிருக்காது.’ ‘வீட்டுக்காரர் மேலே வந்து எனக்கே கழுவச் சொல்லித் தருவார்.’ எனக்குப் பாதி சிரிப்பு, பாதி பயம். இனி இந்தத் தெருவில் யார் இவரை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? இவரோ தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்தபடி நின்றார்.

கடைசியில் இரண்டு டேங்குகள் மிஞ்சின. ஒன்று முழுசு, இன்னொன்று பிளந்தது. ஒன்று எங்களுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுத் தையல்காரருடையது. முழுசாக இருப்பதுதான் தன்னுடையது என்றார் தையல்காரர். இவர் அதற்குள் தலையை விட்டு, சட்டென்று வெளியே எடுத்துக்கொண்டார்.

“எழுத்து அழிஞ்சிருக்கு. அவரே எடுத்துக்கட்டும்.”

காது மடலைத் தடவிக்கொண்டே சொன்னார். பொய் சொன்னால் இவர் கை தானாகக் காதுக்குப் போய்விடும், கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன். விடிந்தால் லாரி வருகிறது, வீட்டில் ஒரு சொட்டு இல்லை, இந்த மனுஷன் டேங்கைத் தூக்கித் தானம் கொடுக்கிறார்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. டார்ச்சைப் பிடுங்கினேன்.

“வேண்டாம், விடு” என்றார். கெஞ்சுகிற குரல்.

உள்ளே தலையை விட்டேன். பாசி இல்லை. பளிச்சென்று இருந்தது. கழுத்தைச் சுற்றிப் பதினோரு வரிகள், வருஷத்துக்கு ஒன்றாக.

முதல் வரி: ‘அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிளீச்சிங் பவுடர் வாசனை அவளுக்கு மூச்சு இழுக்கும். திரும்பி வருவதற்குள் போய்விடும்.’ எனக்கு வீசிங் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் அக்கா வீட்டுக்குப் போவேன். நான் இல்லாத நாளாகப் பார்த்து இறங்கியிருக்கிறார். நடுவில் ஒரு வரி: ‘கழுவியதைச் சொல்ல வேண்டாம். மாசாமாசம் கழுவச் சொல்வாள்.’ கடைசி வரி இந்த வருஷத்தது: ‘கழுவியாச்சு. வீட்டில் திட்ட ஆளில்லை. பிடிக்கவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லது.’

தலையை வெளியே எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணெல்லாம் தண்ணீர். “எங்களுதுதான்” என்றேன். எல்லோரும், படி படி என்றார்கள். எனக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் எழவில்லை. தையல்காரர் குனிந்து பார்த்தார். அவர் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. நிமிர்ந்து, “தூக்குங்கண்ணே, ஒரு கை பிடிக்கிறேன்” என்றார்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாடிக்கு ஏற்றினார்கள். மருந்துக்கடைக்காரர் ஏணியைப் பிடித்தார், போனைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. டீச்சரம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். ஸ்பூன் நிற்கும், அவ்வளவு கெட்டி. இவர் எங்கள் டேங்கிலிருந்து தையல்காரர் வீட்டுக்குச் சுவர்மேலே ஒரு குழாயும் இழுத்துவிட்டார்.

துணி துவைத்த கதையை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். தெரியும், கொடியில் பார்த்தேன் என்றார். ஆனாலும் அவர் டேங்கைக் கட்டி முடிக்கும்வரை கீழே நின்று, முடிச்சு சரியில்லை, கயிறு சரியில்லை, மூடியை யார் தேடுவது என்று நிறுத்தாமல் திட்டினேன். அவருக்கு அது வேண்டும் என்று இப்போது எழுத்துப்பூர்வமாகவே என்னிடம் இருக்கிறது.