அண்ணன் வயலில் ஐந்து, என் வயலில் இரண்டு

உங்கள் பெரியப்பா மீது நான் பொறாமைப்பட்ட கதையை உங்களிடம் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் நடந்தது. சேரன்மகாதேவியில் எங்கள் இருவர் வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். பிசானப் பருவத்து நெல்லை அறுத்துவிட்டு இருவரும் நிலக்கடலை போட்டிருந்தோம்.

அப்போது விவசாயக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் வந்தார். கடலையில் பிடிக்கும் பச்சைப் பூஞ்சணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். அண்ணன் வயலில் பல இடத்தில் மண்ணும் காயுமாக எடுத்து, பையில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். என் வயலை ஏறிட்டும் பார்க்கவில்லை. அண்ணன் அதை டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் அந்தப் பெண் வந்தபோது நானாகவே கடலை கொண்டுபோனேன். அண்ணன் காயைவிடப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வாய்க்காலில் தேய்த்துக் கழுவி, வாழை இலையில் வைத்து நீட்டினேன்.

"அண்ணாச்சி, எனக்கு வேண்டியதையெல்லாம் கழுவி வாய்க்கால்ல விட்டுட்டியளே," என்றார் அந்தப் பெண். ஒட்டியிருக்கும் மண்ணில்தான் பூஞ்சணம் இருக்குமாம்.

"பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டுத மாதிரில்லா கொண்டாந்திருக்கான்," என்றார் அண்ணன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, மண்ணோடு பிடுங்கி வந்து கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் முடிவோடு வந்தார். பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சைதான், ஆனால் உள்ளுக்குள் வம்சம் வேறு வேறு என்றார். அண்ணன் வயலில் ஐந்து வம்சம் கிடைத்ததாம். அதில் இரண்டு, ஈரலைக் கெடுக்கிற விஷத்தைச் சுரக்குமாம். என் வயலில் கிடைத்தது இரண்டே வம்சம், இரண்டிலும் விஷமில்லை.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "எம் பிள்ளையளும் இவன் பிள்ளையளும் அந்தக் கடலையத்தானம்மா தின்னுச்சுவ. ஏதும் செய்யுமா?" என்று கேட்டார்.

பூஞ்சணம் பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கிக் கொட்டிவிடுங்கள், மற்றதை நன்றாகக் காயவைத்து ஈரம் படாமல் வையுங்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே நான் கேட்டேன்:

"நல்லா எண்ணிப் பாத்தியளாம்மா? அவருக்கு அஞ்சு, எனக்கு ரெண்டுதானா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் பிள்ளைகளோடு உங்களையும் சேர்த்துத்தான் கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.